கருவியும் வேட்கையும்

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் வேட்கை என்னும் பொருள் பற்றிப் பேசி முடித்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். திருமண வரவேற்புகளிலும் ஓட்டல்களிலும் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் அவர் பேஸ் கிதார் வாசிப்பவர். "ஐயா, என்னிடம் நான்கு பேஸ் கிதார்கள் இருக்கின்றன. ஐந்தாவது ஒன்றின்மேல் மனம் சென்றுவிட்டது. இரவில் தூக்கம் வரவில்லை. இது தொழிலா, வேட்கையா?" என்று கேட்டார். நான் சற்றும் தாமதியாமல், "வேட்கையே, தம்பி; விட்டுவிடுங்கள்" என்றேன். பிரசாரகர்களின் நாவில் இத்தகைய விடை எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "எங்கள் பாட்டனாருக்குச் சொந்தமாக ஒரு மண்வெட்டிகூட இருந்ததில்லை, ஐயா. அதுவும் பண்ணையாருடையது. எங்கள் குடும்பத்தில் விலை கொடுத்து வாங்கி, 'இது என்னுடையது' என்று தோளில் மாட்டிக்கொண்ட முதற்பொருள் இந்தக் கிதார்தான். அதையும் விடச் சொல்லுகிறீர்களா?"

அன்றிரவு தூக்கம் வராதவன் நான். உடைமை இல்லாதவனுக்குத் துறவைப் போதிப்பது எளிது. நூற்றாண்டுகளாக நம்மவர்க்கு அதையே போதித்தார்கள். போதித்தவர்கள் தங்கள் நிலங்களைத் துறக்கவில்லை. அந்தக் குரலையே நானும் எழுப்பிவிட்டேனோ என்னும் ஐயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அவர் நேசிக்கும் பொருள் யாது, அதனை நேசிப்போர் யாவர் என்பதை முதலில் அறிந்துகொள்ள முற்பட்டேன். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேஸ் கிதார் என்பது பெரும்பாலும் நான்கு தடித்த தந்திகளை உடையது. சாதாரணக் கிதாரின் கீழ் நான்கு தந்திகளைக் காட்டிலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது. அதன் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மனிதச் செவிக்கு எட்டும் ஓசையின் கீழெல்லை நொடிக்கு 20 அதிர்வுகள் அளவில் உள்ளது என்பதைக் கொண்டு அதன் ஆழத்தை உணரலாம். இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கேட்கும்போது, பாடகருக்குக் கீழே மற்றொரு பாட்டுப் போல ஓடிக்கொண்டிருக்கும் கனத்த ஓசை நினைவுக்கு வருமாயின், அதுவே இக்கருவியின் ஓசை. பாட்டைக் கேட்பவர் பலர் அதனைக் கேட்டதாகவே அறியார். ஆனால் அதனை நீக்கிவிட்டால் பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடாகிவிடும்.

இக்கருவி தோன்றிய வரலாற்றிலேயே ஒரு பாடம் உள்ளது. அதற்கு முன்னர் நடனக் குழுக்களில் இப்பணியைச் செய்தது ஆளுயரத்தை மிஞ்சிய பெரிய மரவாத்தியம். அதைச் சுமந்து செல்வது துன்பம். மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அது கேளாது. மெட்டுகள் இல்லாமையால் சுரத்தானத்தை விரல் தானே தேடவேண்டும். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951-ஆம் ஆண்டில், நம் வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகளைப் பதித்து, மின்சாரத்தால் ஒலி பெருகும் பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சுரம் பிசகாமல் துல்லியமாக விழும் என்னும் பொருளில் அதற்குப் 'பிரசிஷன்' என்று பெயரிட்டார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிப்பவர்களின் துன்பத்தைக் கூர்ந்து கேட்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதனை நீக்கினார். ஆகவே நல்ல கருவி என்பது வீண் பகட்டு அன்று. முதுகுவலியிலிருந்து ஒரு தொழிலாளியை அது விடுவித்தது.

இங்ஙனம் தோன்றிய பொருளின்மேல் பின்னர்க் காதல் வளர்ந்தது. ஒன்று வாங்கியவர் இரண்டு வாங்கினார். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிகள், காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெடல்கள், பலவகைத் தந்திகள், தந்தியின் அதிர்வைப் பற்றும் காந்தச் சுருள்கள் என்று அறைகள் நிறைந்தன. ஸ்டீலி டான் என்னும் அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த வால்டர் பெக்கர், 1990-களில் எழுதிய ஒரு வேடிக்கைக் கட்டுரையில், இதற்குக் கிதார் சேர்க்கும் நோய் என்று மருத்துவப் பெயர் போலவே ஒன்றைச் சூட்டினார். நோயாளிகள் கோபிக்கவில்லை. தாங்களே சிரித்துக்கொண்டு அப்பெயரை ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் அப்பெயர் வழங்குகின்றது. பிணியை அறிந்த பின்னும் பிணி நீங்காதிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்பதை அன்பர்கள் அறிவார்கள். அந்த இளைஞர் தம் கைப்பேசியில் ஐந்தாவது கிதாரின் படத்தைக் காண்கிறார், அது ஊறு. கண்டு மகிழ்கிறார், அது நுகர்வு. இதுவரை குற்றம் ஒன்றுமில்லை. அழகிய பொருளைக் கண்டு மகிழாதிருக்கக் கல்லால் முடியும், மனிதனால் முடியாது. ஆனால் அடுத்த படியில், 'இது வந்துவிட்டால் என் ஓசை வந்துவிடும்' என்று ஓர் எண்ணம் புகுகின்றது. வேட்கை நுழையும் வாயில் அந்த எண்ணமே என்று நான் கருதுகிறேன். ஓசை அந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்னும் பேதைமை அது.

சம்யுத்த நிகாயத்தில் ததாகதர் ஒரு கதை கூறுகிறார். வீணையின் ஓசையை முன்பின் கேட்டிராத ஓர் அரசன் அதனைக் கேட்டு மயங்குகிறான். வீணையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "வீணை வேண்டாம், அந்த ஓசையைக் கொண்டுவாருங்கள்" என்கிறான். உடல், தோல், தண்டு, தந்தி, மீட்டும் கோல் ஆகியவற்றோடு மனிதனுடைய தக்க முயற்சியும் சேர்ந்தே ஓசை பிறக்கின்றது என்று விளக்குகிறார்கள். அரசன் கேட்கவில்லை. வீணையைச் சிறு சிறு சிம்புகளாகப் பிளந்து, எரித்து, சாம்பலையும் தூற்றிப் பார்க்கிறான். ஓசை அகப்படவில்லை. வீணை என்பது மட்டமான பொருள் என்று சொல்லிப் போகிறான். 'நான்' என்பது ஐந்து கந்தங்களில் எங்கும் அகப்படாது என்பதைக் காட்டவே பகவான் இதனைக் கூறினார். ஆயினும் பொறுக்கியெடுத்த மரத்திலும் காந்தத்திலும் தந்தியிலும் ஓசையைத் தேடுவோர்க்கும் அது அப்படியே பொருந்துகின்றது. அவர்கள் பட்டியலில் எல்லாம் இருக்கும். மனிதனுடைய தக்க முயற்சி என்னும் ஒன்று மட்டும் விலைக்குக் கிடைக்காததால் இராது.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களில் பேஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர். உலகமே ஆடிய எத்தனையோ பாட்டுகளின் அடித்தளம் அவருடைய விரல். விரல்கள் என்று எழுதவில்லை. வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டுவார். அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டுப் பிரசிஷன் ஒன்று. தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பார்கள். அழுக்கேறிய பழந்தந்தியில்தான் தம் ஓசை இருப்பதாக அவர் எண்ணினார். அக்காலத்தில் அந்நிறுவனம் வாத்தியக்காரர்களின் பெயர்களை இசைத்தட்டு உறையில் அச்சிடுவதில்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் அவ்வழக்கம் மாறியது. பெயரற்ற கூலியாளாகவே பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர் அவர். 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர் அந்தக் கிதாரும் களவு போயிற்று.

இன்று அதே ஆண்டில் செய்யப்பட்ட கருவிகளுக்குப் பெருவிலை. அதே வகைத் தந்தியைத் தேடி வாங்குகிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது உறையில் ஒரு வரி இடம் பெறாத மனிதர். அவர் தொட்ட வகைப் பொருளுக்கு இன்று பூசை. பொருளை இவ்வளவு உற்று நோக்கும் கண்ணுக்கு, அதைப் பிடித்திருந்த கை ஏன் அன்று தெரியவில்லை?

மற்றொன்றும் கேளுங்கள். ஃபெண்டர் தம் தொழிலகத்தை 1965-இல் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் பிறந்த கருவி உயர்ந்தது, பின் பிறந்தது தாழ்ந்தது என்று ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. வேலைப்பாட்டில் வேறுபாடு உண்டு என்று வாசிப்போர் சொல்லும்போது அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மீட்டிப் பார்க்காமலே பிறந்த ஆண்டைக் கொண்டு மேல் கீழ் வகுப்பதைக் கேட்டால் நம்மவர்க்குச் சிரிப்பு வராதா? செயலால் அன்றிப் பிறப்பால் உயர்வு என்னும் வழக்கு மரக்கட்டையையும் விடவில்லை!

என்னைப் பெரிதும் உறுத்தியது வேறொன்று. 1990-களின் நடுப்பகுதி முதல் அந்நிறுவனமே புதிய கருவிகளை வேண்டுமென்றே தேய்த்து, கீறி, வண்ணம் உதிர்த்து, பல்லாண்டு வாசிக்கப்பட்டவை போல் ஆக்கி, புதியதைவிடக் கூடுதல் விலைக்கு விற்று வருகின்றது. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆலையில் நெசவுப் பகுதியில் நின்றவன். தறி முதலாளியுடையது. எனக்குச் சொந்தமாக இருந்தது நூல் வெட்டும் சிறு கத்தரி ஒன்றே. அதன் பிடி என் கட்டைவிரலின் வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வை ஒருவர் விலைக்கு வாங்கி அணிந்துகொள்ளலாம் என்று யாரேனும் அன்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்கமாட்டோம். உழைக்காமல் உழைப்பின் தழும்பை மட்டும் விரும்புவது என்ன விருப்பம்? ஆலை மூடி இயந்திரங்களை எடைக்குப் போட்டபோது நான் அந்தக் கத்தரியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பற்று ஒழிக்கப் போதிக்கும் நான் அதனை இன்றும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கத்தரியை நினைத்தபோதுதான் இளைஞருக்கு நான் கூறிய விடை தவறு என்று தெளிந்தேன். பொருளிடம் நன்றி பாராட்டுவது வேறு, பொருளைத் தேடி ஓடுவது வேறு. ஞானம் பெற்றபின் பகவான் ஏழு நாட்கள் போதிமரத்தை இமையாமல் நோக்கி நின்றார் என்று நம் மரபு கூறுகின்றது. அம்மரத்தைப்போல் இன்னும் நான்கு வேண்டும் என்று அவர் எண்ணவில்லை; அதனை வெறும் மரம் என்று உதறவும் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972-இல் லண்டனில் களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு அவரிடம் திரும்பிய செய்தி 2024-இல் வெளியாயிற்று. எத்தனையோ விலையுயர்ந்த கருவிகளை வாங்க வல்லவர் அந்த மலிவான பொருள் திரும்பியதற்கு மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை வேட்கை என்று நான் எழுதமாட்டேன்.

மேலும், இல்லறத்தார்க்கு உடைமையே கூடாது என்று ததாகதர் எங்கும் சொல்லவில்லை. அநாதபிண்டிகருக்கு அவர் நான்கு இன்பங்களைக் கூறினார்: நேர்வழியில் ஈட்டிய பொருள் உண்டு என்னும் இன்பம், அதனைத் துய்க்கும் இன்பம், கடன் இல்லை என்னும் இன்பம், குற்றம் இல்லை என்னும் இன்பம். முன்னவை எல்லாம் இறுதி இன்பத்தின் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்றாலும், முதல் இன்பத்தையும் அவர் இன்பம் என்றே அழைத்தார். பாபாசாகேப் அம்பேத்கரும் வறுமையைப் புண்ணியமாக்கும் போதனையை ஏற்றவரல்லர். தம் நூல்களுக்காகவே பம்பாயில் தாதரில் ராஜகிருகத்தை எழுப்பினார். முதிர்ந்த வயதில் வயலின் கற்றார். நம் இளைஞர் தோளில் கிதாரை மாட்டிக்கொண்டு, "என்னுடையது" என்று சொன்னபோது அநுபவித்தது அந்த முதல் இன்பம். அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. சென்ற பௌர்ணமியில் கூறிய விடையை இதனால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதைச் சொல்லவே சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் சிறிய அறை. சுவரில் நான்கு கருவிகள். நான் ஒரு சோதனை வைத்தேன். என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் செய்து, மிக மலிவானதிலும் மிக விலையுயர்ந்ததிலும் ஒரே பகுதியை வாசித்தார். எனக்கு வேற்றுமை தெரியவில்லை. வென்றுவிட்டதாக எண்ணித் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியாது, ஐயா, என் விரலுக்குத் தெரியும்" என்றார் அவர். தொழில் தெரிந்தவனின் சொல், நான் மறுக்கவில்லை. தறிச்சத்தம் என் காதிலிருந்து மேல் ஓசைகளைப் பறித்துக்கொண்டு பல்லாண்டுகளாயின. பறவைக் குரல் எனக்குக் கேட்பதில்லை. தாழ்ந்த ஓசை மட்டும் மிச்சம் இருக்கின்றது. அவர் வாசித்தது தரை வழியாக என் உள்ளங்காலுக்குத் தெளிவாக வந்தது.

"அந்த ஐந்தாவதை எப்படி வாங்குவீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"தவணையில்தான், ஐயா. பதினெட்டு மாதம்."

"முதல் நான்கும்?"

"மூன்று கைப்பணம். நான்காவதுக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி."

அவர் தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். தவணை என்னும் சொல் அந்த அம்மையாரின் காதில் விழுந்தது; சுவரில் இருந்த நான்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே இறங்கிப் போனார். இளைஞரும் அதைக் கண்டார். அடுத்த பௌர்ணமிக்கு முன்னர் முடிவு சொல்லுவதாகச் சொன்னார்; கிதாரை எடுத்துவந்து கூட்டத்தின் முடிவில் சிறிது வாசிக்கட்டுமா என்றும் கேட்டார். "நான்கில் எதை?" என்றேன். "முதலில் வாங்கியதை" என்றார். சங்கத்தாரின் அனுமதியைக் கேட்டிருக்கிறேன்.