தொண்டும் விருதும்

ஒருவர் தம் வாழ்நாளை ஒரு துறைக்கு ஈந்தார் என்று கூறி, மேடையேற்றி, மாலை சூட்டி, கேடயம் வழங்கும்போது நாம் போற்றுவது எதனை? அவர் செய்த செயலையா? செயலின் பின்னே நின்ற உள்ளத்தையா? அன்றி அவரையேயா? கேட்பதற்கு எளிய வினாவாக இருப்பினும், விடை கூறப் புகுவோர் விரைவில் திகைப்படைவர். நம் இலக்கியப் பரிசுகளைக் கொண்டு இதனை ஆராய முற்பட்டால், வேண்டியவர், வேண்டாதவர் என்னும் எண்ணம் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே நமக்கு உறவும் பகையும் இல்லாத ஒரு விருதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் ஐஸ் ஹாக்கி விளையாட்டுக்குச் சிறந்த தொண்டாற்றியவர்க்கு வழங்கப்பெறும் லெஸ்டர் பேட்ரிக் விருதே அது. (ஐஸ் ஹாக்கி நமக்கு முற்றிலும் அயலானது என்றும் சொல்லிவிட இயலாது. 2017ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அதுவும் இடம்பெற்றிருந்தது.)

இவ்விருதை 1966ஆம் ஆண்டில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கழகம் நிறுவியது. தேசிய ஹாக்கி லீக்கும் அமெரிக்க ஹாக்கி அமைப்பும் இதனை வழங்கி வருகின்றன. விளையாட்டு வீரர், பயிற்றுநர், நடுவர், நிருவாகி என எவரும் இதற்குத் தகுதியுடையவர். விருதின் பெயருக்குரிய பேட்ரிக்கோ கனடாவில் பிறந்தவர். தம் தம்பி பிராங்க்குடன் சேர்ந்து 1911இல் பசிபிக் கரையில் ஒரு லீக்கைத் தோற்றுவித்தார். குளிர் போதாத அப்பகுதியில் இயந்திரத்தால் நீரை உறையச் செய்யும் ஆடுதளங்களை விக்டோரியாவிலும் வான்கூவரிலும் அச்சகோதரர்கள் அமைத்தனர். கனடாவில் அத்தகைய தளங்கள் அவையே முதலாவன. ஆடுதளத்தை மூன்றாகப் பிரிக்கும் நீலக்கோடு, ஆட்டக்காரர் சட்டையில் எண், தண்டனை அடி போன்ற பல ஏற்பாடுகள் அவர்களுடைய லீக்கின் வழியாகவே பரவின. பிற்காலத்தில் ரேஞ்சர்ஸ் கழகத்தின் பயிற்றுநராகவும் மேலாளராகவும் விளங்கினார்.

ஆயினும் மக்கள் அவரை நினைவுகூர்வது 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இரவை வைத்தே. ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றில் மான்ட்ரியல் மரூன்ஸ் அணியை எதிர்த்து ஆடுகையில், ரேஞ்சர்ஸ் கோல் காவலரின் கண்ணில் வட்டு தாக்கியது. வேறொருவரை இரவல் பெற எதிரணி இசையவில்லை. நாற்பத்து நான்கு வயதான பயிற்றுநர் பேட்ரிக் தாமே கவசம் அணிந்து கோலின்முன் நின்றார். கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸ் 2–1 என வென்றது. ஓர் இரவின் துணிவு ஊர் வாயில் நிலைத்தது. ஆண்டுக்கணக்கில் அமைத்த தளங்களும் விதிகளும் ஏடுகளில் தங்கின. தொண்டை அளக்க முனைவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. கண்ணைக் கவரும் செயல் வேறு. அடித்தளத்தில் கிடக்கும் உழைப்பு வேறு.

விருதாளர்களின் பட்டியலில் 1980ஆம் ஆண்டின் அமெரிக்க ஒலிம்பிக் அணி காணப்படுகிறது. லேக் பிளாசிட் நகரில் சோவியத் அணியை 4–3 என வென்று, பின்னர்த் தங்கப் பதக்கமும் பெற்ற இளைஞர்கள் அவர்கள். பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து வந்தவர். இரண்டு வாரப் போட்டியில் ஆடியவர்க்கும், முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்க்கும் ஒரே கேடயமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் தொண்டின் அளவுகோல் காலநீட்டமே என்று கொண்டால், நாற்காலியை நெடுங்காலம் தேய்த்தவர் அனைவரும் பெருந்தொண்டர் ஆகிவிடுவர்! செயலால் விளைந்த பயனையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1981இல், விருது பெற்றவர் சார்ல்ஸ் ஷூல்ஸ். ஆம், ஸ்னூப்பி என்னும் நாயைக் கேலிச்சித்திரத்தில் உலவவிட்ட அதே ஓவியர்தான். கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகரில் 1969இல் திறக்கப்பெற்ற பனித்தளத்தை அவர் கட்டுவித்தார். முதியவர்களுக்கென்று ஹாக்கிப் போட்டி நடத்தினார். தாமும் அதில் ஆடினார். தொழில்முறை வீரராக அவர் ஒருநாளும் விளங்கியதில்லை. இத்தகையவரையும் தேடிக் கண்டது அக்குழுவின் பெருமை என்பேன்.

என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் வில்லி ஓரீ. தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் இவர். 1958ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை என்பதை மறைத்தே ஆடினார். அந்த லீக்கில் அவர் ஆடியவை மொத்தம் 45 ஆட்டங்கள். அடித்த கோல்கள் நான்கு. எண்களை மட்டும் நோக்குபவர் இவரைப் புறந்தள்ளி நடப்பர். ஆனால் 1998 முதல், ஹாக்கி மட்டையைத் தொட்டறியாத ஏழைச் சிறுவர்களையும் சிறுபான்மையினச் சிறுவர்களையும் ஊர் ஊராகச் சென்று அவ்விளையாட்டிற்குள் அழைத்து வந்தார். லெஸ்டர் பேட்ரிக் விருது 2003இல் அவரை அடைந்தது.

இனி, வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். விருது என்பது ஒரு சமூகத்தின் செய்ந்நன்றியறிதல் என்பது என் துணிபு. தொண்டனுக்கு அது கூலியன்று; தொண்டனும் அதனைக் கூலியாக எதிர்பார்த்தல் தகாது. சரி, அந்நன்றி தகாதவர்க்குச் செலுத்தப்பெற்றதெனப் பின்னர்த் தெரிய வந்தால்?

கனடாவில் ஆலன் ஈகிள்சன் என்னும் வழக்கறிஞர் இருந்தார். 1967இல் உருவான ஹாக்கி வீரர் சங்கத்தின் முதற் செயலாண்மைத் தலைவர். 1972இல் கனடாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற எட்டாட்டத் தொடரை அமைத்ததில் பெரும் பங்கு அவருடையது. கனடா விருதணி அவருக்கு வழங்கப்பெற்றது. 1989இல் ஹாக்கிப் புகழ்மன்றத்திலும் இடம்பெற்றார். எந்த வீரர்களுக்குக் காவலராக இருந்தாரோ அவர்களையே ஏமாற்றிப் பொருள் ஈட்டினார் என்பது பின்னர் வெளிப்பட்டது. 1998இல் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். கனடா விருதணி பறிக்கப்பெற்ற முதல் மனிதர் அவரே. அவர் நீடித்தால் தாங்கள் விலகுவோம் என்று பாபி ஓர் முதலிய மாபெரும் வீரர்கள் அறிவித்தபின் புகழ்மன்றத்திலிருந்தும் விலகினார்.

'1972ஆம் ஆண்டுத் தொடர் நடந்தது உண்மைதானே! நற்செயலுக்கு அளித்ததைத் தீச்செயலுக்காகத் திரும்பப் பெறலாமா?' என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் வலுவில்லாமல் இல்லை. தண்டனையை நீதிமன்றம் அளித்துவிட்டது. புகழையும் பறிப்பது ஒரே குற்றத்திற்கு இரு தண்டனை ஆகாதா? ஆனால் இவ்வாதம் கொடுப்பவர், பெறுபவர் என இருவரை மட்டுமே காண்கிறது. மூன்றாமவர் ஒருவர் உளர். ஏமாற்றப்பட்ட அந்த வீரர், தம்மை வஞ்சித்தவரின் உருவம் தம் உருவத்திற்கு அருகே தொங்குவதை நாளும் காணவேண்டுமா? செயலின் வரலாறு வரலாற்று நூலில் இருக்கட்டும். அதனை அழிப்பது பொய்யாகும். நன்றிப் பட்டியலில் பெயர் இருத்தல், அவ்வீரர்க்கு இழைக்கும் இரண்டாம் தீங்காகும். ஆகவே பறித்தது முறையே என்பேன். விருது ஒரு செயலை மட்டும் போற்றுவதில்லை. வாழ்நாள் தொண்டு என்று சொன்ன அக்கணமே, மனிதரையும் சேர்த்துப் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

தவறியவர்க்குத் தந்துவிட்ட நன்றியைத் திரும்பப் பெற முடிகிறது. தரத் தவறிய நன்றியை என் செய்வது? ஹெர்ப் கார்னகி என்னும் கறுப்பின வீரர் கியூபெக் ஏசஸ் அணியில் ஜான் பெலிவோவுடன் சேர்ந்து ஆடியவர். 1948இல் அவரைச் சோதித்துப் பார்த்த ஒரு கழகம், கீழ்நிலை அணிகளில் ஆட மட்டுமே அழைத்தது. அவர் ஏற்கவில்லை; தேசிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டமேனும் ஆடவும் இல்லை. பின்னர்ச் சிறுவர்களுக்கு ஹாக்கிப் பள்ளி நடத்தினார். ஓரீக்குக் கிட்டிய வாசல் பத்தாண்டுகளுக்கு முன் இவருக்குத் திறக்கவில்லை. ஹாக்கிப் புகழ்மன்றம் 2022இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் 2012ஆம் ஆண்டு, தொண்ணூற்றிரண்டாம் வயதிலேயே மறைந்துவிட்டிருந்தார். 1948இல் அவரைச் சோதித்த அக்கழகம் நியூயார்க் ரேஞ்சர்ஸ். லெஸ்டர் பேட்ரிக் விருதைப் பின்னாளில் நிறுவிய அதே கழகம்.