கரடிக்குண்டு

"கரடிக்குண்டுல மாடு நிக்குது, பிடிச்சிட்டு வா" என்று அப்பா சொன்னால் எங்கே ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பட்டாவில் அந்த வயல் வெறும் சர்வே எண். அப்பா போனபின் நிலம் அளக்க வந்தவரிடம் பெயரைச் சொன்னேன். "நம்பர் சொல்லுங்க சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை.

அதன்பிறகுதான் ஜான் ஓடோனவன் என்ற ஐரிஷ்காரர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. நிலவரியைச் சீராகப் போடுவதற்காக 1824இல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்தை அளக்கத் தொடங்கியது. மைலுக்கு 6 அங்குலம் என்ற கணக்கில் வரைபடம். ஒவ்வொரு பங்கும் (பாரிஷ்) 'டவுன்லேண்ட்' என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது. நாடு முழுக்க 60,000க்கும் மேல். ஒரே பெயரைப் பத்திரம் ஒருவிதமாகவும் ஜமீன்தார் ஒருவிதமாகவும் எழுதினார்கள். ஓடோனவன் 1830இல் இந்த வேலைக்கு வந்தார். விவசாயி மகன், ஐரிஷ் தெரிந்தவர். பங்கு பங்காகப் போய், கிழவர்களைப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். 'கில்' என்று தொடங்கும் ஊர்ப் பெயரில் இருப்பது தேவாலயமா, காடா? ஐரிஷில் இரண்டும் வேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும். கிழவரின் நாக்குதான் பிரித்துக் காட்டும். அவர் கேட்டறிந்த ஐரிஷ் வடிவம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றது. அச்சில் ஏறியது ஆங்கிலப்படுத்திய பெயர்.

பிரையன் ஃபிரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' (1980) நாடகம் இந்த அளவையை ஒரு மொழி பறிபோன கதையாகச் சொல்கிறது. எனக்கு அது பாதிதான் சரி. 1845இல் பஞ்சம் தொடங்கியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைகள்தான் அதிகம் போனவர்கள். வரி போட வந்தவன் எழுதி வைத்த நோட்டுதான், அவர்கள் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு இன்று சாட்சி. இதை நினைத்தால் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

ஆனால் அந்த வரைபடத்திலும் வயல்களுக்கு வரப்புக்கோடுகள் உண்டு, பெயர் பெரும்பாலும் கிடையாது. மாட்டைப் பிடித்துவர மகனை அனுப்பும் பெயர் வரிக்கணக்குக்கு எதற்கு?

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பெயரிலேயே பேனா நின்றது. எங்கள் பக்கம் கரடி வந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் வயலுக்கு மேற்கே கல்லும் முள்ளுமாக ஒரு கரடு இருக்கிறது. கரட்டுக்குண்டுதான் தேய்ந்து கரடிக்குண்டு ஆனதோ? எண்பது வயது அத்தைக்குப் போன் போட்டேன்.

"கரடோ கரடியோ, யாருக்குடா தெரியும்? அங்கன நாவமரம் ஒண்ணு நின்னுச்சே, அதை எழுதிட்டியா?"

எழுதவில்லை. அப்படி ஒரு மரம் இருந்ததே எனக்குத் தெரியாது.