திரையை இழுத்தவர்கள்

சினிமாக்காரர்கள் சினிமாவையே கிண்டல் செய்து எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ (1952). ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. கதை நடப்பது 1927-ல். பேசும் படம் வந்துவிட்டது. மௌனப்பட நாயகி லினா லமான்டின் முகம் அழகு, குரல் கீச்சு. அதனால் கேத்தி என்ற புதுப்பெண்ணை வைத்து லினாவுக்கு இரவல் குரல் கொடுக்கிறார்கள். படம் ஹிட். கேத்தியின் பெயர் வெளியே வரக்கூடாது என்று லினா சட்டம் பேசுகிறாள். கடைசியில் மேடையில் அவள் வாயசைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருக்கும் திரையைத் தூக்கிவிடுகிறார்கள். குட்டு உடைகிறது. அரங்கமே சிரிக்கிறது. குரலுக்குச் சொந்தக்காரிக்கு நியாயம் கிடைக்கிறது.

படத்துக்குப் பின்னால் நடந்தது வேறு. கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். லினாவுக்காக அவர் ‘வுட் யூ’ பாட்டைப் பாடுவதாக ஒரு காட்சி வரும். அதில் நாம் கேட்பது டெபியின் குரல் அல்ல, பெட்டி நாய்ஸ் என்ற பாடகியின் குரல். லினாவின் வசனத்துக்குக் கேத்தி டப்பிங் பேசும் இடமோ இன்னும் விசித்திரம். அங்கே ஒலிப்பது லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல். கீச்சுக்குரல் என்று படம் முழுக்கக் கேலி செய்யப்படுகிறவர்தான், தனக்கு இரவல் குரல் கொடுப்பவளுக்கே இரவல் குரல் கொடுக்கிறார்! பெட்டி நாய்ஸின் பெயர் டைட்டிலில் இல்லை. அவருக்கு இது புதிதும் அல்ல. 1941-ல் டிஸ்னியின் ‘டம்போ’வில் தாய் யானை குட்டியைத் தாலாட்டும்போது ஒலிப்பதும் அவர் குரல்தான். அங்கேயும் பெயர் போடவில்லை.

சரி, இதுல என்ன பெரிய தப்பு, சினிமான்னா அப்படித்தானே என்று கேட்கலாம். பெயர் தெரியாமல் வேலை பார்ப்பது அந்தக் காலத்தில் தொழில் வழக்கம். ஆனால் வழக்கம் என்ற பதில் போதாது. ஏனென்றால் அந்த வழக்கம் அநியாயம் என்று சொன்னதே இந்தப் படம்தான். ஒரு தவறைத் தவறு என்று அறிந்து, அதைக் காட்டி நம்மைச் சிரிக்கவும் வைத்துவிட்டு, அதே தவறைத் தொடர்ந்தால் அந்தச் சிரிப்புக்கு என்ன மதிப்பு? அது ஒப்புதல் வாக்குமூலமா, இல்லை பாவமன்னிப்பை நாமே எழுதிக்கொள்வதா?

விடைக்கு அந்தக் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். கயிற்றை இழுப்பவர்கள் மூன்று பேர். நாயகன் டான், நண்பன் காஸ்மோ, ஸ்டுடியோ முதலாளி சிம்சன். இரவல் குரல் என்ற யோசனை முதலில் யாருடையது? காஸ்மோவும் டானும் சொன்னது. சம்மதித்துச் செலவு செய்தது முதலாளி. லினா மிரட்டியபோது பணிந்து கேத்தியின் பெயரை மறைக்க ஒத்துக்கொண்டதும் அவர்தான். ஏமாற்றைத் தொடங்கியவர்களே அதை அம்பலப்படுத்தும் வீரர்களாக ஆகிவிடுகிறார்கள். பழி முழுவதும் லினா என்ற ஒருத்தியின் தலையில். அவள் நல்லவள் இல்லைதான். ஆனால் அவளும் சம்பளம் வாங்குகிறவள். அவள் ஓடிப்போன மறுநாளும் ஸ்டுடியோ திறந்திருக்கும், அதே முறை நடக்கும்.

பெரும்பாலான கிண்டல்கள் வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு முறையின் குற்றத்தை ஒரு ஆளின் குணமாக மாற்றிவிடும். ஐ.டி. கம்பெனி ஆண்டு விழாக்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலீஸ், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் புது வேலை, லீவு கேட்டால் முகம் சுளிக்கும் மேனேஜர் என்று எல்லாவற்றையும் நாடகமாகப் போடுவார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து அதிகமாகச் சிரிப்பவர் அந்த மேனேஜராகத்தான் இருப்பார். திங்கட்கிழமை எதுவும் மாறியிருக்காது. ஆனால் ஏதோ பேசித் தீர்த்த மாதிரி ஒரு நிம்மதி எல்லாருக்கும் வந்திருக்கும்.

நம் ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மிஞ்ச இன்றுவரை ஆள் இல்லை. கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் வாயாலேயே வருகின்றன, பாலையா நடுங்குகிறார். கேலி என்ற பெயரில் ஸ்ரீதர் சினிமாவின் வித்தையையே திறந்து காட்டிவிடுகிறார். அதில் இருப்பது பிரியம். ஆனால் சிரிப்பு யார் மேல்? அப்பா காசை நம்பி போர்டு மாட்டிய பையன் மேல். தொழிலில் பலம் உள்ளவன் மேல் அல்ல.

ராபர்ட் ஆல்ட்மனின் ‘தி பிளேயர்’ (1992) அந்தப் பக்கமும் போனது. அதில் கொலை செய்த ஸ்டுடியோ அதிகாரி மாட்டவே மாட்டான், பதவி உயர்ந்து சுகமாக இருப்பான். கெட்டவனைத் துரத்திவிட்டு நாம் சுத்தமாகிவிட்டோம் என்ற ஆறுதலை ஆல்ட்மன் தரவில்லை. ஆனாலும் அதில் அறுபதுக்கு மேற்பட்ட ஹாலிவுட் பிரபலங்கள் தாங்களாகவே வந்து தலைகாட்டினார்கள். தன்னைத் திட்டும் படத்திலும் ஓர் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ள ஹாலிவுட்டுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியென்றால் கிண்டலால் பயனே இல்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ மேல் நான் இங்கே சுமத்திய குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? பாடியவளின் பெயர் தெரிய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் படம். அது நீட்டிய அளவுகோலால்தான் அதையே அளந்தேன். எடுத்தவர்கள் அதன்படி நடக்கவில்லை என்பதால் அளவுகோல் பொய்யாகிவிடாது. தோற்றவர்கள் அவர்கள், அந்த நியாயம் அல்ல.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறவன் திருந்திவிடுவான் என்று எதிர்பார்ப்பதுதான் நம் பிழை. அவன் தருவது சாட்சியம் மட்டும். தீர்ப்பை அவனிடமே விட்டால் சிம்சன் மாதிரி கயிற்றை இழுத்துவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொள்வான். பெட்டி நாய்ஸின் பெயர் இன்று நமக்குத் தெரிவது படத்தின் டைட்டிலால் அல்ல. சிரித்து முடித்த பிறகும், அந்தக் குரல் யாருடையது என்று யாரோ சிலர் விடாமல் கேட்டதால்.