ஊட்டும் கையின் தர்மம்

உண்ண இயலாதவரை உண்ணும்படி வற்புறுத்துவது அன்பா, ஹிம்சையா என்னும் வினா, உணவுக்குழாயில் புற்றுநோய் கண்ட ஒருவரைப் பராமரிக்கும் இல்லத்தில் விரைவிலேயே எழுந்துவிடுகிறது. பசித்தவருக்குச் சோறிடுவதன் புண்ணியத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கட்டி வளர்ந்து வழி குறுகி, முதலில் சோறும், பின்னர் கஞ்சியும், இறுதியில் சொந்த உமிழ்நீருமே இறங்க மறுக்கும் நிலையில், ஊட்டுகிறவரின் மனச்சாந்திக்காக ஒருவர் விழுங்கியாக வேண்டுமா?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களிலும், மாமல்லபுரத்தில் கல்லுளியை நம்பி வாழும் வீடுகளிலும், நோயாளியைக் காண வருகிறவர் வெறுங்கையுடன் வருவதில்லை. நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வருவர். 'ரெண்டு வாய் சாப்பிடு, தெம்பு வரும்' என்பர். தட்டில் மீந்திருப்பதைக் கண்டதும் மனைவியைத் தனியே அழைத்து, 'ஆளே பாதியாயிட்டாரே, நீ சரியா கவனிக்கலையா?' என்று கேட்டுவிட்டுப் போவர். வற்புறுத்தலின் மூலகாரணம் பெரும்பாலும் இக்கேள்விதான். ஊர்ப் பழிக்கு அஞ்சி ஊட்டும் கவளத்தில், உண்பவரின் க்ஷேமத்தைவிட ஊட்டுகிறவரின் மானமே முன்நிற்கிறது.

அப்பழியோ அநியாயமானது. இந்நோயில் உடல் மெலிவது விழுங்க முடியாமையால் மட்டுமன்று. உண்டதையும் உடல் பயன்கொள்ளாதபடி நோயே செய்துவிடுகிறது. அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் பிறந்து முதலமைச்சராக உயர்ந்த அண்ணாதுரை, 1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று இந்நோய்க்கே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்து 1969 பொங்கலன்று கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தவர், பிப்ரவரி 3 ஆம் நாள் மறைந்தார். அரசாங்கத்தின் வசதியும் தேர்ந்த மருத்துவரின் கரமும் தடுக்க இயலாததை ஒரு குப்பத்துப் பெண்ணின் கரண்டி தடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எனினும், 'வேண்டும்போது கேட்கட்டும்' என்று விலகி நிற்பதும் தர்மமாகாது. 'கரண்ட் வைப்பது' என்று ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு தொடங்கிச் சில வாரங்களில் தொண்டை வெந்து, ஒரு மிடறு நீரும் நெருப்பாய் இறங்கும். அவ்வேளையில் ஊட்டம் குன்றினால் சிகிச்சையே தடைப்படலாம் என்பதால்தான், மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் பொருத்துகிறார்கள். 'ட்யூபில் சாப்பிட்டு உயிர் வாழ்வதா' என்று உறவினர் கூசுவதுண்டு. அக்கூச்சத்துக்காகக் குழாயை மறுத்துவிட்டு வாயில் சோற்றைத் திணிப்பதைவிட, நோயாளியிடம் விவரத்தைச் சொல்லி அவர் சம்மதத்தோடு குழாயை ஏற்பதே மேன்மையான கருணை.

கருணை தன்னைத்தானே அடக்கிக்கொள்ள வேண்டிய தருணமும் உண்டு. நோயுற்ற பகுதியை நீக்கி, இரைப்பையைக் குழாய்போல் அமைத்து மேலே இழுத்து இணைத்த பின், அந்த இணைப்பு ஆறும்வரை வாய்வழியே எதுவும் கொடுக்கலாகாது என்பார் மருத்துவர். உதடு வறண்டு, 'ஒரு ஸ்பூன் தண்ணி' என்று கணவர் கெஞ்சுகையில், செவிலியர் பாராத நேரத்தில் மனைவியின் கை நீளுமானால் அதைக் குரூரமென்று எவரும் சொல்லார். ஆயினும் இணைப்பில் கசிவு ஏற்படின் அது மார்புக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அங்கே மறுப்பதே அன்பு. உதட்டை நனைத்துவிடலாமா என்று செவிலியரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பிறகு நிலைமை வேறு. சிறுகச் சிறுக ஆறு வேளை உண்பதும், உண்டதும் படுக்காதிருப்பதும், தலைப்பக்கம் உயர்த்தி உறங்குவதும் பழக்கமாகப் பல மாதங்கள் செல்லும். ஆகவே விதி எளிதன்று: சிகிச்சை நிறைவேறத் தேவையானதைப் பரிவோடு வலியுறுத்தலாம், நம் ஆறுதலுக்காக மட்டும் வலியுறுத்தலாகாது. குணமாகும் நம்பிக்கை கடந்த கட்டத்திலோ, 'போதும்' என்று நோயாளி சொல்வதே முடிந்த முடிவு.

பார்க்கப் போகிற உறவினருக்கு ஒரு விண்ணப்பம். அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று அந்த மனைவியை விசாரிக்காதீர்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அண்ணாவின் பெயர் தாங்கிய காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அடுத்த முறை அவர்கள் பஸ் ஏறும்போது, முடிந்தால் கூடப் போய் வாருங்கள்.