ஆசிரியர் வாழ்வும் பாடமும்

பள்ளியிலே கற்பிக்கும் ஆசிரியர்க்கு அப்பள்ளியின் வாயிலைக் கடந்த பின்னரும் ஆசிரியத்தன்மை உளதாமோ, அன்றி அவ்வாயிலோடு ஒழியுமோ என்பது ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். வினா எளிதுபோலத் தோன்றும். ஆயினும் ஆசிரியரிடத்து எதனை எதிர்பார்த்தற்குரியேம் என்பதும், அவர்க்கு எதனைச் செய்யக் கடமைப்பட்டுள்ளேம் என்பதும் இதற்கு இறுக்கும் விடையானே துணியப்படும். ஆகலின் இருதிறக் கொள்கைகளையும் முறையே நிறுத்தி ஆராய்வாம்.

ஒருசாரார் கூறுமாறு: கற்பித்தல் ஒரு தொழில். தச்சன் இயற்றிய கதவு செவ்விதாயின், அவன் தன் இல்லத்தில் எவ்வாறு ஒழுகினான் என்று வினவுவாரிலர். அதுபோலக் கணக்கையும் இலக்கணத்தையும் பிழையறக் கற்பித்த ஆசிரியர் மாலையில் எங்குச் சென்றார், எவரோடு அளவளாவினார் என்று துருவுதல் வேண்டப்படாதது; அஃது அவர் உரிமையிற் புகுந்து இடர்செய்தலுமாம் என்பர். இக்கூற்றினும் ஒரு நியாயம் உண்டு. அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

எனினும் தச்சன் உவமை ஈண்டு முற்றும் பொருந்துவதன்று. என்னை? மரம் தச்சனைக் காண்பதில்லை. மாணாக்கன் ஆசிரியரைக் காண்கின்றான். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது மெய்கண்டார் மரபினர் யாவர்க்கும் உடன்பாடு. தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கு, இந்நிறம் வேண்டும், இந்நிறம் வேண்டா என்று தெரிந்து கொள்வதில்லை. இளஞ்சிறாரும் அன்னரே. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை மட்டும் கற்று, அவர் ஏழைச் சிறுவனை விளிக்கும் குரலைக் கல்லாது விடுதல் அவர்க்கு இயலாது. கற்பிக்கக் கருதாதவற்றையும் ஆசிரியர் கற்பித்துக்கொண்டே இருக்கின்றார்.

இதனை உட்கொண்டே போலும், நன்னூலார் பொதுப்பாயிரத்துள் ஆசிரியரிலக்கணம் கூறுமிடத்துக் கலைத்தெளிவும் சொல்வன்மையும் மட்டும் கூறி அமைந்தாரல்லர். அருளையும், உலகியலறிவையும், உயர்ந்த குணத்தையும் உடன்வைத்து எண்ணினார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினையும் நல்லாசிரியர்க்கு உவமை கூறினார். நிலத்தின் பொறையும் துலாக்கோலின் நடுவுநிலையும் பாடவேளையில் அணிந்து பின்னர்க் களைந்து வைக்கத்தக்க ஆடையல்ல. மாணாக்கனும் குளிர்காய்வான் தீயினிடத்து நிற்குமாறுபோல மிக அணுகாதும் மிக அகலாதும், நிழல்போல நீங்காதும் நிற்றல்வேண்டும் என்பது அவர் கருத்து. நிழல் வகுப்பறையில் மட்டும் தொடர்வதோ?

ஆசிரியராகாதார்க்கு அவர் கூறிய உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று. ஒருவன் நீர்வார்த்து வளர்க்க, வளைந்து அயலான் தோட்டத்திற் காய் உதிர்க்கும் தென்னை அது. 2009ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய கட்டாயக் கல்வியுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தலாகாது என விலக்குகின்றது. பள்ளியில் வறண்டு, மாலையிற் பொருள்கொடுப்பார் திண்ணையிற் காய்க்கும் தெங்கு நன்னூலார் காலத்தோடு பட்டுப்போகவில்லை என்பதற்கு அப்பிரிவே சான்று.

இனி இதனை ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காண்பாம். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) வரலாற்றை, அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இருபாகமாக வெளியிட்டனர். அதனைப் பயில்வார்க்கு வியப்பளிப்பது, பிள்ளையவர்களிடத்துப் பாடம் எங்குத் தொடங்கி எங்கு முடிந்தது என்று வரையறுத்தல் இயலாமையே. இருந்துழியும் பாடம், வழிச்செலவினும் பாடம். அவர் புராணச் செய்யுட்களைச் சொல்லச்சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். செய்யுள் பிறக்குமாற்றைக் கண்ணெதிரே காண்டலே அவர்க்குப் பெரும்பாடமாயிற்று. மாணாக்கர்க்குச் சோறும் இடமும் தாமே தேடித் தந்தனர். சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்துவ மாணாக்கரும் அவர்பால் அன்புடன் உடனுறைந்தனர்.

இக்கொடைக்குக் காரணம் அவர் கற்ற முறையே என்று யாம் கருதுகின்றேம். இளமையில் அவர், இரந்துண்டு திரிந்த ஒரு பரதேசியார்பால் தண்டியலங்காரப் புலமை உண்டென்றறிந்து, அவர் பின் திரிந்து, வேண்டுவன கொடுத்து வழிபட்டு அந்நூலைக் கற்றனர். கல்வியின் அருமையை இவ்வாறு அறிந்தவர், தம்மைத் தேடி வந்தாரை அலைக்கழிக்க மனங்கொண்டிலர்.

அஃதேல் அப்பெரியார்பாற் குறையே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் அவர்க்குப் பெருமையாகாது. சாமிநாதையரவர்கள் மாயூரத்திற் கோபாலகிருஷ்ண பாரதியாரிடத்து இசை பயின்றதைப் பிள்ளையவர்கள் விரும்பினாரல்லர். இசையிற் கருத்தூன்றின் இலக்கியப் பயிற்சி தளரும் என்பது அவர் எண்ணம். மாணாக்கரும் அதனை விடுத்தனர். மற்று, வரவறிந்து செலவிடும் திறமும் பிள்ளையவர்கள்பால் இல்லை. பெருநூல்கள் பல பாடியும் கடன் அவரை விட்டகன்றிலது. இக்குறைகளை அறிந்தே மாணாக்கர் அவரைப் போற்றினர். 1876ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 1ஆம் நாள், சவேரிநாத பிள்ளை தம் மார்பிற் சார்த்திக்கொண்டிருக்க, சாமிநாதையரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓத, அப்பெரியார் இறைவனடி எய்தினர். அங்கிருந்த இருவரும் மாணாக்கரே என்பது நினையத்தக்கது.

அந்நாளோடு அப்பாடம் முடிந்ததுமன்று. பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கராகிய தியாகராச செட்டியாரவர்கள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியினின்று 1880ஆம் ஆண்டில் விலகுங்கால், அவ்விடத்திற்குச் சாமிநாதையரவர்களைப் பரிந்துரைத்து அமர்த்தினர். தாம் பெற்ற அன்பை இளையார்க்கு வழங்கும் இப்பண்பு எந்நூற்பாவிற் கற்பிக்கப்பட்டது? ஆசிரியரைக் கண்டு கற்றது அது.

ஆசிரியர் அனைவரும் ஓரியல்பினராதல் வேண்டுமென்பதும் எம் கருத்தன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) பேர்சிவல் பாதிரியார் பாடசாலையில் தாம் வகித்த ஆசிரியப் பதவியைத் துறந்து, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். பிள்ளையவர்கள் இளகிய நெஞ்சினர். நாவலரவர்கள் கண்டிப்பும் கடுஞ்சொல்லும் உடையர். முன்னவர் இல்லறத்தார், பின்னவர் மணம்புரியாதவர். இயல்பு வேறாயினும், கற்பித்ததொன்று வாழ்ந்ததொன்று என இருவர்பாலும் சொல்லுதற்கில்லை. வேண்டப்படுவது இவ்வொருமையே.

ஈண்டு ஒரு வேறுபாடு உணரற்பாலது. ஞானாசிரியர் இறைவனே மானிடச் சட்டை சாத்தி எழுந்தருளியவராக வழிபடப்படுவர். எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் வித்தியாகுரு அத்தகையரல்லர். அவரும் மலமுடைய உயிரே. அவர்பாற் குற்றமின்மையை வேண்டுதல், தராத ஒன்றனைத் தரக்கேட்டல் போலும். ஆகவே, பள்ளிக்கு வெளியே அவர் வாழ்க்கையில் எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். கொடுமை, ஓரம், பொய், பொருளாசை என்பன மாணாக்கன்மேற் சென்று படிவன; ஆகலின் அவற்றைக் கேட்டல் ஊரார்க்கு உரியது. மேற்கூறிய சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலொறுத்தலையும் மனத்தைத் துன்புறுத்தலையும் விலக்கியதும் இதுபற்றியே. மற்று, அவர் உடை, உணவு, நண்பர், கடன், தனிமை என்பவற்றைத் துருவுதல் வம்பேயாம். முதற்கண் கூறிய சாரார் கூற்றிலுள்ள நியாயம் இதுவென்க.

இனி, இதனினும் பெரிது ஒன்றுண்டு. ஆசிரியர் வாழ்வு முழுவதும் பாடமாம் எனின், அவ்வாழ்வு முழுவதற்கும் பாடம் கொள்வார் கடன்பட்டவராவர். பழைய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஊரார் அளந்த நெல்லையும், விழாநாட்களில் வீடுதோறும் பிள்ளைகளோடு சென்று பெற்ற சிறு காணிக்கையையும் கொண்டு காலங்கழித்தனர். நாணமின்றி வாழ்க என்று அவரைத் தெருவில் நிறுத்தியபின், மானமுடைமையைப் பிள்ளைகட்குக் கற்பிக்க என்று கேட்டதும் அவ்வூரேயன்றோ? இக்காலத்தும் தேர்தற்கும், மக்கட்கணக்கெடுப்பிற்கும், பேரிடர்ப் பணிக்கும் ஆசிரியரை ஏவ அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு இடந்தருகின்றது. அவை வேண்டும் பணிகளே. ஆயினும் ஆசிரியரது ஒழுக்கத்தை நாள்முழுதும் கேட்கும் உலகு, அவர் ஓய்வையும், நூல் பயிலும் பொழுதையும், இல்லத்து உலையையும் ஒருகாலேனும் வினவியதுண்டோ? வாங்குங்கால் முழுவாழ்வையும் வாங்கி, கொடுக்குங்கால் பாடவேளைக்கு மட்டும் கொடுத்தல் துலாக்கோலின் நேர்மையாகாது. துலாக்கோலாதல் ஆசிரியர்க்கு மட்டும் விதித்ததன்று.

ஆதலின், ஆசிரியத்தன்மை பள்ளி வாயிலோடு ஒழிவதன்று என்பதே எம் துணிபு. அத்துணிபு ஆசிரியர்க்கு ஒரு பொறுப்பையும், ஏனையோர்க்கு ஒரு கடனையும் ஒருங்கே விதிக்கின்றது. முன்னதனை மட்டும் வற்புறுத்துவார் பின்னதனை மறந்தாராவர். மடங்களிலும் பாடசாலைகளிலும் ஆசிரியரை அமர்த்தும் அன்பர்கள், அவர் கற்ற நூல்களை வினவும் அன்றே, அவர் உண்டாரோ என்பதனையும் வினவுவாராக.