மடிக்கணினிக்குள் குடியிருப்பவர்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கு உதிரி பாகங்கள் செய்து தரும் நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அவற்றோடு மூன்றாண்டு, நான்காண்டு ஒப்பந்தத்தில் கொரியப் பொறியாளர்களும் வரத் தொடங்கினார்கள். இன்று சென்னையின் பல அடுக்ககங்களில் அவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள். எங்கள் கட்டடத்திலும் ஒருவர் தனியாக இருக்கிறார். குடும்பம் சியோலில். அங்கே அலுவலகம் திறக்கும் காலை 9 மணி நமக்கு 5.30 என்பதால், பால் பாக்கெட் போடும் பையன் மாடியேறும் நேரத்தில் மடிக்கணினியில் அவருடைய முதல் கூட்டம் பாதி நடந்திருக்கும். ஆலைக்குப் போய், பூந்தமல்லி நெரிசலில் நீந்தி, இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது சியோலில் பதினொன்றரை. பிள்ளை தூங்கியிருக்கும். தலைமை அலுவலகத்தோடு நாள் தவறாமல் முகம் பார்த்துப் பேச வைக்கும் அதே கருவியில், பெற்ற பிள்ளையிடம் வார நாட்களில் பேச நேரம் அமைவதில்லை. மனைவி பதிந்து அனுப்பும் காணொளியைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்.

அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருநாள் சொன்னார்: "சாரு அந்தப் பொட்டி முன்னாடியேதான் சாப்புடுவாரு. தட்டு வைக்கணும்னாக்கூட அத நவுத்தக் கூடாது." குறையாகச் சொல்லவில்லை, கூடம் எங்கே, சமையலறை எங்கே என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. 18 வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்கிறது நம் சுங்க விதி. உடுத்திய துணியோடு அதையும் ஆளின் ஒரு பகுதியாகவே எண்ணிவிட்டார்கள். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வேலைக்கு வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவும் இப்போது இணையத்தில்தான். இந்த மண்ணில் கால் வைத்துவிட்டேன் என்று தெரிவிப்பதற்கும் திரையைத்தான் திறந்தாக வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மண் தன்னை ஏதோ ஒரு வழியில் நினைவூட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கொரிய சார்ஜரின் உருண்டைக் கம்பிகள் நம் சுவர்ப் பிளக் பாயின்டின் துளைகளைவிடச் சற்று மெல்லியவை. அங்கே 220 வோல்ட், இங்கே 230; சார்ஜர் இரண்டையும் தாங்கும், அதில் தொல்லையில்லை. செருகினால் நிற்காமல் தொங்கும், லேசாக அசைந்தாலும் சடசடக்கும், அவ்வளவுதான். அவர் ஒரு தடித்த அட்டைப் பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். பத்து நிமிட நடையில் இருக்கும் எலக்ட்ரிகல் கடையில் சில்லறைக் காசுக்கு அடாப்டர் கிடைக்கும். அதற்குக் கடைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்பது என்ற அந்த ஒரு செயலைத்தான் மடிக்கணினி அவருக்கு இல்லாமல் செய்துவிட்டது. அரிசியிலிருந்து சோப்பு வரை திரையில் தொட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறது, வழி கேட்க வேண்டியதில்லை, விலை பேச வேண்டியதில்லை. ஒரு மனிதர் வேற்றூரில் படும் சங்கடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தவர்கள், அந்தச் சங்கடங்களின் வழியாகத்தான் ஊர் அவருக்குள் நுழைந்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை போலும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்து சேரப் பல மாதங்கள் ஆன காலம் அது. அவர் நம்மை மாற்றுவதற்காக வந்தவர். அந்த நோக்கத்தைப் பற்றி நமக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் ஒருவரை மாற்ற வேண்டுமென்றாலும் முதலில் அவரோடு பேசியாக வேண்டியிருந்தது. இன்று வருபவர்களுக்கு நம்மை மாற்றும் எண்ணம் துளியும் இல்லை. அவர்கள் மிகுந்த மரியாதையுள்ளவர்கள்.

மொழி கற்பதை நாம் பண்பு, ஆர்வம், அன்பு என்றெல்லாம் பாராட்டிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது தேவை மட்டுமே. எங்கள் கட்டடத்தின் காவலாளி ஒடிசாவிலிருந்து வந்தவர். வந்த புதிதில் கையசைவில் காலம் தள்ளினார். இப்போது தண்ணீர் லாரிக்காரரோடு தமிழிலேயே சண்டை போடுகிறார். அவர் தமிழைத் தேடிப் போகவில்லை, தமிழ் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்பதால் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் வீட்டைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள்தான். ஒருவரை வெளிநாட்டு வல்லுநர் என்கிறோம், மற்றவரை வடக்கத்தி ஆள் என்கிறோம். இருவரில் இந்த ஊரில் வாழ்கிறவர் யார் என்று கேட்டால் விடை சொல்லச் சிரமமில்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு சனிக்கிழமையில் வந்துவிட்டால், காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை வீடுகளில் மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் கீழ்த்தளத்துக்கும் மட்டும்தான். அப்போது கொரியப் பொறியாளர் கணினியை அணைத்துப் பிடித்தபடி இறங்கி வருவார். காவலாளி தன் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு, இருக்கும் ஒரே பிளக் பாயின்டை அவருக்கு விட்டுக் கொடுப்பார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை காவலாளி டீ வாங்கி வந்து நீட்ட, அவர் எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்தப் பொறியாளரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல், திரையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். ஊரை மறக்கவில்லை என்று அதைப் பெருமையாகவே சொல்கிறோம். உள்ளூரில் இருக்கும் நாமோ, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்த அலுவலகத்தை இன்னும் முழுதாகத் திருப்பி அனுப்பியபாடில்லை. மின்தடை அறிவிப்பை எங்கள் குடியிருப்போர் சங்கம் தமிழில் மட்டுமே ஒட்டுகிறது. ஒவ்வொரு முறையும் கணினி அணையத் தொடங்கிய பிறகுதான் அவருக்குச் செய்தி தெரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கீழே ஒரு வரி ஆங்கிலம் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அவர் இல்லை. பராமரிப்புக் கட்டணப் பட்டியலில் மற்ற வீடுகளுக்கு நேரே பெயர்கள் இருக்கின்றன. அவர் வீட்டுக்கு நேரே 'கொரியா' என்று எழுதி, பாக்கி இல்லை என்று குறித்திருக்கிறார்கள்.