அறளையும் அறமும்

"அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஊரார் சொல்லும் நிலையை அம்மம்மா அடைந்தபின், முதியோர் இல்லமொன்றைப் பார்வையிடச் சென்றோம். பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். இல்லத்திற் சேர்ப்பது புறக்கணிப்பாகுமா? ஆகாது என்பேன், இரவுதோறும் விழித்திருந்து மெலிந்துபோன அம்மாவைக் கண்டவன் நான்.

தரை தூய்மையாகவே இருந்தது. அங்கே மூதாட்டி ஒருவர், என்றோ இறந்த தம் தாயைத் தேடி வாயிலை நோக்கி நடந்தார். பணிப்பெண் அதட்டவில்லை, உண்மையைச் சொல்லித் திருத்தவுமில்லை. "அம்மா என்ன சமைப்பா?" என்று கேட்டவாறே கைபிடித்து உடன் நடந்தார். இது ஏமாற்றா? வாய்மையே கடமையெனின், அம்மூதாட்டிக்குத் தாயின் மரணத்தை நாள்தோறும் புதிதாக அறிவித்தல் வேண்டும். அத்தகைய வாய்மையை என்னால் ஏற்க இயலவில்லை.

அப்பணிப்பெண் இரவிலும் இருப்பாரா என மேற்பார்வையாளரை வினவினேன். பகலில் மட்டுமே என்றார்.